நான்காம் புரதத்துக்கு எத்தனை பெயர்

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் தரங்கம்பாடி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ளாட்சிக்குப் பெயர் கொம்யூன். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களின் சொல் போகவில்லை. கோட்டுச்சேரி கொம்யூன் என்று சொல்கிறவர் யாரும் பிரெஞ்சு பேசுவதாக நினைத்துக்கொண்டு சொல்வதில்லை. வந்த சொற்கள் இப்படித்தான் தங்குகின்றன.

2006இல் இன்னொரு சொல் இந்தக் கரைக்கு வந்தது. அதற்கு முன் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. சில வாரங்களில் குழந்தைகள் வாயிலும் அது புழங்கியது. சிக்குன்குன்யா. பத்திரிகைகள் அதைச் 'சிக்கன்குனியா' என்று அச்சிட்டன. கோழிக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டென்று நம்பியவர்கள் இருந்தார்கள். சொல்லின் பின்பாதியை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து, படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தவர்களுக்குக் 'குனியா' என்பது தமிழாகவே கேட்டது. குனிய வைக்கும் காய்ச்சல், வேறென்ன?

வியப்பு இதில்தான் இருக்கிறது: அந்தப் பொருள் கிட்டத்தட்டச் சரி. ஆனால் அது வந்த வழி தமிழ் அல்ல. 1952இல் இன்றைய தான்சானியாவின் தென்கோடியில், மக்கொண்டே மேட்டுநிலத்தில், நேவாலா வட்டாரத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. அதை மரியன் ராபின்சன், லம்ஸ்டன் இருவரும் 1955இல் விரிவாக எழுதினார்கள். வைரஸைப் பிரித்தெடுத்தவர் ராஸ். மக்கொண்டே மொழியில் 'குங்குன்யாலா' என்றால் முறுக்கிக்கொள்வது, வளைந்துபோவது. அதிலிருந்து வந்ததே நோயின் பெயர். இதைச் சுவாஹிலிச் சொல் என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன, அது தவறு. மக்கொண்டேவின் வினைக்கும் தமிழின் 'குனி'க்கும் உறவு எதுவும் இல்லை. தொடர்பற்ற இரு மொழிகளில் ஒரே உடல்நிலைக்கு ஒலி ஒத்த சொற்கள் அமைந்தது தற்செயல். பூவத்து மக்களுக்கு அந்தத் தற்செயல் ஒரு பெயரை எளிதில் புரிய வைத்தது.

நான் இந்தக் கட்டுரையில் தேடிப் போவது நோயின் பெயரை அல்ல, அந்த வைரஸுக்குள் வேலை செய்யும் ஒரு நொதியின் பெயரை. ஆனால் நோயின் பெயரில் நடந்த ஒரு பெரும் குழப்பத்தைச் சொல்லாமல் நொதிக்குப் போக முடியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் தகுதி இன்று அந்த நொதிக்கே இருக்கிறது.

டெங்கு என்ற சொல் சுவாஹிலியில் 'கி-டிங்கா பெப்போ' என்பதிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. பெப்போ என்றால் ஆவி. திடீரென்று ஆவி பிடித்ததுபோல் உடல் வெட்டி இழுப்பது. சான்சிபாரில் 1823இலும் 1870இலும் வந்த பெருநோய்களுக்கு மக்கள் சொன்ன பெயர் அது. அங்கு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கிறிஸ்டி அதைப் பதிவு செய்தார். கரிபியத் தீவுகளுக்குப் போன சொல் அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாயில் 'டேண்டி' காய்ச்சல் ஆனது, ஸ்பானியம் பேசுகிறவர்களிடம் 'டெங்கே' ஆனது. 1869இல் லண்டன் மருத்துவர் கல்லூரி 'டெங்கு' என்பதையே ஏற்றுக்கொண்டது.

இப்போது வேலூருக்கு வருவோம். 1963இல் கல்கத்தாவில் முதன்முதலாக இந்தியாவில் சிக்குன்குன்யா வைரஸ் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை, வேலூர், புதுச்சேரி என்று தெற்கில் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மையர்ஸ், டொனால்டு கேரி ஆகியோர் நோயாளிகளின் குருதியிலிருந்தும் கொசுக்களிலிருந்தும் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 'டெங்கு போன்ற காய்ச்சல்' என்றுதான் அவர்களும் தொடங்கினார்கள். 1971இல் கேரி ஒரு மருத்துவ வரலாற்றுக் கட்டுரை எழுதினார். அதன் கருத்து துணிச்சலானது: 1779இல் படேவியாவில் டேவிட் பைலன் 'கணுக்காய்ச்சல்' என்று வருணித்ததும், சான்சிபாரின் கி-டிங்கா பெப்போவும், 1824இலும் 1871-72இலும் இந்தியாவில் பரவியதும் டெங்கு அல்ல, சிக்குன்குன்யாவாகவே இருந்திருக்கும் என்றார் அவர். மூட்டுவலி மாதக்கணக்கில் நீண்டதும், ஓரிடத்தில் தீப்பற்றியதுபோல் பரவியதும் அவர் காட்டிய சான்றுகள்.

கேரி சொன்னது சரியென்றால், டெங்கு என்ற பெயர் முதலில் சிக்குன்குன்யாவுக்குச் சொந்தமானது. அது வேறொரு நோய்க்குப் போய்விட்டது. சொந்தக்காரருக்கு 1950களில் புதுப்பெயர் தேட வேண்டியதாயிற்று. சொல்வரலாறு படிப்பவர்களுக்கு இதைவிட அழகான வழக்கு கிடைக்காது. அதைத் தொடுத்தவர் வேலூரில் அந்த நோயைக் கண்ணால் பார்த்தவர் என்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

காரைக்காலுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிச்சென்ற துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. 1860-61இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குப் பின் அந்த ஏற்றுமதி முறைப்படுத்தப்பட்டது. இந்துமாக்கடலில் ரீயூனியன் தீவில் இன்று 'மல்பார்' எனப்படுவோரில் பெரும்பாலோர் அப்படிப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள். 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சிக்குன்குன்யா கண்டது. அதே 2006இல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்கு அது இருக்கக்கூடும் என்று அரசுக் கணக்கு சொன்னது. அங்கிருந்துதான் இங்கு வந்தது என்று எண்ணத் தோன்றும். வைரஸ்களின் மரபெழுத்துகளை ஒப்பிட்டவர்கள் வேறு விடை சொன்னார்கள்: இரண்டும் 2004இல் கென்யக் கடற்கரையில் கிளம்பிய ஒரே மரத்தின் தனித்தனிக் கிளைகள். 1964இல் தென்னிந்தியாவைத் தாக்கியதோ முற்றிலும் வேறொரு மரபு.

இந்தக் கிளை, மரம், மரபு எல்லாம் எப்படித் தெரிகிறது? வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது செய்யும் பிழைகளை வைத்துத்தான். அந்தப் படியெடுப்பைச் செய்வதுதான் நாம் தேடும் நொதி.

அதன் முழுப்பெயர் ஆர்.என்.ஏ.சார் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். பன்னாட்டு நொதிப் பட்டியலில் அதன் எண் 2.7.7.48. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பாலிமரேஸின் இரண்டு பாதிகளும் பிறந்தது 1833இல் என்பதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி. அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸ் கிரேக்கத்தின் 'பாலி', 'மேரோஸ்' ஆகியவற்றைச் சேர்த்துப் 'பாலிமர்' என்ற கருத்தை முன்வைத்தார். பல உறுப்பு என்பது நேர்ப்பொருள். அவர் நினைத்தது இன்றைய நீண்ட சங்கிலி அல்ல. தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருந்தும் நிறை வேறுபட்ட சேர்மங்கள். அதே ஆண்டு பாரிசில் பையேனும் பெர்சோவும் முளைவிட்ட பார்லியிலிருந்து மாவுச்சத்தைப் பிரிக்கும் பொருளைத் தனியாக்கி, 'பிரித்தல்' என்னும் கிரேக்கச் சொல்லால் 'டயஸ்டேஸ்' எனப் பெயரிட்டார்கள். 1898 அளவில் எமில் தூக்ளோ, அந்த முதல் நொதியின் நினைவாக எல்லா நொதிகளின் பெயரும் '-ஏஸ்' என்று முடியட்டும் என்று முன்மொழிந்தார். அன்றைக்கு அந்த விகுதியைப் பிறப்பித்த மொழியே காரைக்காலின் அலுவல் மொழி.

ஆர்.என்.ஏ. என்பதில் முதல் எழுத்தான 'ஆர்' ரைபோஸ் சர்க்கரையைக் குறிக்கும். 1891இல் எமில் ஃபிஷர் அரபினோஸிலிருந்து ஒரு புதிய சர்க்கரையை உருவாக்கினார். பெயரிலும் அரபினோஸின் எழுத்துகளையே மாற்றி அடுக்கினார். அரபினோஸ் அரபுக் கோந்திலிருந்து வந்த பெயர். அந்தக் கோந்து தரும் மரங்கள் நம் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. சிக்குன்குன்யாவின் மரபுப் பொருளுக்கு நாம் சொல்லும் பெயரில் இப்படி ஒரு பிசினின் வாடை ஒளிந்திருக்கிறது. யாரும் அதை நினைப்பதில்லை, நினைக்கவும் தேவையில்லை.

தமிழில் பாலிமருக்குப் பலபடி, பல்லுறுப்பி என்ற சொற்கள் உண்டு, ஈழத்தில் பல்பகுதியம். இவற்றில் 'பலபடி' எனக்கு மிக நெருக்கமானது. ஆக்கியோர் நினைத்தது படிகள் பல அடுக்கியது என்ற பொருள்தான். ஆனால் தமிழில் படி என்றால் நகலும்தான். ஏட்டைப் பார்த்து எழுதுவது படியெடுத்தல். பள்ளிப் பாடநூலில் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதும் படியெடுத்தலே. ஒரு வார்ப்பைப் பார்த்துப் பல படிகள் எடுக்கும் நொதிக்கு, எதேச்சையாகவே, பலபடி என்ற சொல் கிரேக்கத்தைவிட நன்றாகப் பொருந்திவிட்டது.

இனி 'சார்' என்ற ஒட்டு. ஒரு சிறு சொல்லுக்குள் பதினைந்து ஆண்டுச் சண்டை இருக்கிறது. 1955இல் நியூயார்க்கில் செவேரோ ஓச்சோவாவின் ஆய்வகத்தில் மரியான் கிரன்பர்க்-மனாகோ ஆர்.என்.ஏ. சங்கிலி கட்டும் ஒரு நொதியைக் கண்டார். ஆர்.என்.ஏ. எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியது. 1959இல் ஓச்சோவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த நொதி எந்த வார்ப்பையும் பார்ப்பதில்லை, கிடைத்ததைக் கோக்கும். உயிரணுவுக்குள் அதன் முக்கிய வேலை ஆர்.என்.ஏ.யைச் சிதைப்பதே என்று பின்னர் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேஸ்'. பாஸ்பேட்டைக் கொண்டு சங்கிலியை உடைப்பது என்பதே அதன் பொருள். புகழ் ஒரு திசையில் போனபோதும் பெயர் உண்மையின் பக்கம் நின்றது.

1960இல் வார்ப்பைப் பார்த்துப் படியெடுக்கும் மெய்யான ஆர்.என்.ஏ. பாலிமரேஸைப் பல குழுக்கள் தனித்தனியே கண்டன. அது டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதுவது. 1962இல் டேவிட் பால்டிமோரும் ரிச்சர்டு ஃபிராங்கிளினும் மெங்கோ என்னும் வைரஸ் தொற்றிய உயிரணுக்களில் மற்றொன்றைக் கண்டார்கள். தொற்றாத உயிரணுவில் அது இல்லை. டி.என்.ஏ.வின் பக்கமே அது போவதில்லை. ஆர்.என்.ஏ.வைப் பார்த்தே ஆர்.என்.ஏ. எழுதுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோதுதான், எதைச் சார்ந்தது என்ற அடைமொழி கட்டாயமாயிற்று. நம் உயிரணுக்களில் வைரஸின் மரபு ஏட்டைப் படியெடுத்துத் தரும் நொதி கிடையாது. ஆகவே ஆர்.என்.ஏ. வைரஸ் ஏறக்குறைய ஒவ்வொன்றும் இந்த ஒன்றையாவது தன் செலவில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வேறு பெயர்களும் போட்டியில் இருந்தன. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸில் வேலை செய்த சால் ஸ்பீகல்மனும் ஹருனாவும் 'ரெப்ளிகேஸ்' என்றார்கள்; தாய்ப்படியின் அச்சு அசலான மறுபடியை எடுப்பது. வேறு சிலர் 'சிந்தெட்டேஸ்' என்றார்கள். 1970இல் பால்டிமோர், ஆலிஸ் ஹுவாங், ஸ்டாம்ப்ஃபர் மூவரும் கால்நடைகளின் வாய்ப்புண் வைரஸ் ஒன்று அந்த நொதியைத் தன் துகளுக்குள்ளேயே சுமந்து வருவதைக் காட்டினார்கள். அது செய்தி ஆர்.என்.ஏ.வை எழுதியதால் 'டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்ற பெயர் வலுப்பெற்றது. ரெப்ளிகேஸா, டிரான்ஸ்கிரிப்டேஸா? சிக்குன்குன்யாவின் நொதியைப் பார்த்தால் இந்தக் கேள்வியே கரைந்துவிடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சிக்குன்குன்யாவின் உறவினர்கள் இருவரை ஆய்வகங்கள் நெடுநாள் வளர்த்தன: எகிப்தின் சிண்ட்பிஸ் ஊரின் பெயர் கொண்டது ஒன்று, உகாண்டாவின் செம்லிக்கிக் காட்டின் பெயர் கொண்டது மற்றொன்று. நம் நொதியின் வீட்டுப்பெயர்கள் இவற்றில்தான் உருவாயின.

முதலில் அதற்குப் பெயர் 'எஃப்'. 1966 முதல் பர்ஜும் ஃபெஃபர்கார்னும் சிண்ட்பிஸ் வைரஸில் வெப்பம் தாங்காத மாற்றுருக்களைப் பிரித்தார்கள். சற்றே சூடு கூட்டினால் அவற்றின் ஏதோ ஒரு வேலை நின்றுவிடும். எந்த மாற்றுருவின் குறையை எது ஈடுகட்டுகிறது என்று சோதித்து எழுத்து வரிசையில் குழுக்கள் பிரிக்கப்பட்டன. 'எஃப்' குழுவில் ஆறாம் எண் மாற்றுரு ஒன்று இருந்தது. சூடு கூட்டினால் அதில் எல்லா ஆர்.என்.ஏ. உற்பத்தியும் நின்றுபோகும். இன்ன பொருள் என்று தெரியாது. ஆனால் அது கெட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பது தெரியும். குறையால் அறியப்பட்ட பெயர் இது.

அடுத்து ஹெல்சிங்கியில் காரியைனன் குழுவினர் செம்லிக்கி வைரஸின் புரதங்களைக் கூழில் ஓடவிட்டு எடைபார்த்தார்கள். 70, 86, 60, 72 என்று நான்கு. நம் நொதி 'என்.எஸ்.72' ஆயிற்று. எடையால் அறியப்பட்ட பெயர்.

1984இல் சிண்ட்பிஸ் வைரஸின் முழு மரபெழுத்தையும் எல்லன் ஸ்ட்ராஸ், சார்லஸ் ரைஸ், ஜேம்ஸ் ஸ்ட்ராஸ் வெளியிட்டபின் எடைகள் தேவைப்படவில்லை. ஏட்டில் இருக்கும் வரிசைப்படியே எண் கொடுத்தார்கள்: என்.எஸ்.பி.1, 2, 3, 4. 'எஃப்' என்பதும் நான்கு என்பதும் ஒன்றே என்று 1989இல் உறுதியாயிற்று. இருக்கையால் அறியப்பட்ட பெயர் இது. இன்றும் வழங்குவது இதுவே.

இந்தப் பெயரில் எனக்குக் குறை உண்டு. என்.எஸ். என்றால் கட்டமைப்பு சாராதது. வைரஸ் துகளின் ஓட்டிலும் உறையிலும் இடம்பெறாத புரதம் என்பது பொருள். வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் உருண்டையாகப் பார்த்துப் பழகிய காலத்தின் கண்ணோட்டம் அதில் தங்கிவிட்டது. உருண்டைதான் வைரஸ், மற்றதெல்லாம் உபரி என்ற எண்ணம். இந்த வைரஸ்களின் குடும்பப் பெயரும் அந்த வழியில் வந்ததே: டோகா என்பது ரோமர்களின் மேலாடை. ஆனால் உறை இல்லாத ஆர்.என்.ஏ. வைரஸ்கள் ஏராளம், இந்த வகைப் பாலிமரேஸ் இல்லாமல் அவற்றில் எதுவும் பெருகாது. பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு 2019இல் ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் பெருந்தொகுதிகளாகப் பிரித்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது மேலாடையை அல்ல, இந்த நொதியைத்தான். அந்தக் கணக்கில் சிக்குன்குன்யாவும் டெங்குவும் ஒரே தொகுதி: கிட்ரினோவிரிகோட்டா. கிரேக்கத்தில் கிட்ரினோஸ் என்றால் மஞ்சள். மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அதில் இருப்பதால் வந்த பெயர். சான்சிபாரில் பெயர் மாறிப்போன இரண்டு காய்ச்சல்களும் பாலிமரேஸின் குடும்ப ஏட்டில் அருகருகே நிற்கின்றன, ஆனால் ஒன்றை மற்றதென்று யாரும் அங்கே மாற்றி எழுத முடியாது.

நொதியின் உடம்புக்கு வருவோம். சிக்குன்குன்யாவின் மரபு ஏடு சுமார் 11,800 எழுத்து நீளம். உயிரணுவுக்குள் நுழைந்ததும் அதன் முதல் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாகப் புரதமாக வாசிக்கப்படுகிறது. நான்கு புரதங்களும் ஒட்டிப் பிறக்கின்றன: 535, 798, 530, 611 அமினோ அமிலங்கள். 611தான் நம்முடையது. ஆனால் பெரும்பாலான வடிவங்களில் மூன்றாவதன் முடிவை ஒட்டி ஒரு நிறுத்தக்குறி இருக்கிறது. வாசிப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சிண்ட்பிஸில் அளந்தவர்கள் 5 முதல் 20 சதவீதம் வரைதான் அதைத் தாண்டிப் போவதாகச் சொல்கிறார்கள். அந்த நிறுத்தக்குறியின் பெயர் ஓபல். ஆம்பர், ஓக்கர், ஓபல் என்று மூன்று நிறுத்தக்குறிகளுக்கும் வண்ணக் கற்களின், மண்களின் பெயர்கள். முதலாவது கலிஃபோர்னியாவில் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவரின் பெயரை ஒட்டி வைத்தது. ஜெர்மனில் பெர்ன்ஸ்டைன் என்றால் ஆம்பர் பிசின்கல். மற்றவை அந்த வரிசையில் வந்து ஒட்டிக்கொண்டவை.

தாண்டிப் பிறந்த கொஞ்சமும் நிலைப்பதில்லை. நான்காம் புரதத்தின் முதல் அமினோ அமிலம் டைரோசின். டைரோசினில் தொடங்கும் புரதங்களை உயிரணு குப்பையென்று இனங்கண்டு சிதைக்கும். சிண்ட்பிஸில் இது 1991இல் காட்டப்பட்டது. ஏன் இத்தனை சிக்கனம்? நொதி மிகுந்தால் வைரஸுக்கு நன்மைதானே என்று தோன்றும். தோழர்களோடு சேர்ந்து உரிய இடத்தில் உட்கார்ந்த நொதி மட்டுமே சிதையாமல் தப்புகிறது. வெறுமனே மிதப்பது கழிக்கப்படுகிறது என்பதே கிடைக்கும் விளக்கம்.

உட்காரும் இடம் எது என்பது அண்மையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உயிரணுச் சவ்வில் வைரஸ் சின்னச் சின்னக் குமிழ்களை உருவாக்குகிறது, உள்ளே ஆர்.என்.ஏ., வெளியே போக ஒரு குறுகிய கழுத்து. அந்தக் கழுத்தில் என்.எஸ்.பி.1 பன்னிரண்டு சேர்ந்து ஒரு வளையம் அமைக்கின்றன என்று 2021இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2022இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாஹாய் லுவோ குழுவினர் வளையத்தின் நடுவில் நான்காம் புரதம் அமர்ந்திருப்பதையும், இரண்டாம் புரதம் வெளிப்பக்கத்தில் சேர்ந்திருப்பதையும் கண்டார்கள். தனியே எடுத்தால் நான்காம் புரதம் ஏறக்குறைய செயலற்றது. வளையத்துக்குள் வைத்தால் எழுதத் தொடங்குகிறது.

பாலிமரேஸின் வடிவத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர்கள் கையிலிருந்து வந்தவை. 1985இல் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் துண்டு ஒன்றின் வடிவத்தைக் கண்டபோது அது ஒரு வலக்கை போல இருந்தது. அதிலிருந்து விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்ற பெயர்கள் நிலைத்தன. 1997இல் போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தெரிந்தபோது அதுவும் கைதான். ஆனால் இந்த வகையில் விரல்களின் நுனி கட்டைவிரலைத் தொட்டு மூடியிருக்கும். விரல்கள் புதிய எழுத்தைப் பிடித்துத் தருகின்றன, கட்டைவிரல் எழுதிமுடித்த இழையைத் தாங்குகிறது. உள்ளங்கையில்தான் வேதிவினை. அங்கே கிளைசின், ஆஸ்பார்ட்டேட், ஆஸ்பார்ட்டேட் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கும். 1984இல் கேமரும் ஆர்கோசும் வைரஸ்களின் புரதங்களை ஒப்பிட்டு இந்த மூன்றெழுத்துக் கையெழுத்தை அடையாளம் காட்டினார்கள். ஆஸ்பார்ட்டேட்டுகள் இரண்டு மக்னீசிய அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஓர் அயனி இழையின் முனையைத் தூண்டுகிறது. மற்றது புதிய எழுத்தின் பாஸ்பேட் வாலைக் கழற்றிவிட உதவுகிறது. ஓர் எழுத்து சேர்ந்தது. நொதி ஓரடி நகர்கிறது.

ரெப்ளிகேஸா, டிரான்ஸ்கிரிப்டேஸா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். தொற்றின் முதல் சில மணி நேரம் மற்ற மூன்று புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். அந்தக் கூட்டில் நான்காம் புரதம் வைரஸின் ஏட்டைப் பார்த்து எதிர்ப்படியை எழுதுகிறது. இரண்டாம் புரதம் மற்றவற்றை வெட்டிப் பிரித்தபின், அதே நான்காம் புரதம் எதிர்ப்படி எழுதுவதை விட்டுவிட்டு, எதிர்ப்படியிலிருந்து புதிய ஏடுகளையும், ஓட்டுப் புரதங்களுக்கான குறுஞ்செய்திகளையும் எழுதத் தொடங்குகிறது. நொதி ஒன்றே, தோழர்கள் நிலை மாறியதால் பணி மாறியது. ஆகவே இரண்டு பெயர்களில் ஒன்றை அதற்குச் சூட்டுவது பாதியை விட்டுவிடுவதாகும். நான் எழுதும்போது 'படியெடுப்பு நொதி' என்றே எழுதுகிறேன். எதிர்ப்படியும் படி, மறுபடியும் படி.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இந்த நொதியின் இயல்பை உடனே புரிந்துகொள்வார்கள். 1887இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் வேலைபார்த்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்ப் படிகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது; எழுதியவர் தவறவிட்ட எழுத்து அடுத்த படிக்குப் போகும், அங்கே இன்னொன்று சேரும். எந்தப் படி எதிலிருந்து வந்தது என்பதைப் பாடபேதங்களே காட்டிக்கொடுக்கும். சிக்குன்குன்யாவின் நொதிக்குப் பிழைதிருத்தும் பகுதி கிடையாது. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை விழலாம். ஏட்டின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், ஒவ்வொரு படியிலும் ஒரு பாடபேதம் இருக்கக்கூடும். பெரும்பாலானவை வீண். 2005-06இல் ரீயூனியனில் உறைப் புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனின் போய் வேலின் வந்தது. அந்த ஓர் எழுத்தால் வைரஸ் புலிக்கொசு என்னும் ஏடிஸ் அல்போபிக்டஸுக்குள் நன்றாகப் பெருகியது. அதே மாற்றம் தனியே தோன்றி 2007இல் கேரளத்தில் பரவியது.

அப்படியானால் நொதி பிழை குறைத்து எழுதினால் வைரஸுக்கு நல்லதா? 2011இல் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ரிபாவிரின் என்ற மருந்தைக் கொடுத்து வளர்த்த சிக்குன்குன்யாவில் நான்காம் புரதத்தின் 483ஆம் இடத்தில் சிஸ்டீன் போய் டைரோசின் வந்திருந்தது. இந்த நொதிக்குப் பிழைகள் குறைவு. அதன் பெயர் சி483ஒய். என்ன இருந்தது, எங்கே இருந்தது, என்ன ஆனது என்ற மூன்றையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. 'எஃப்' என்றும் 72 என்றும் நான்கு என்றும் அலைந்த நொதிக்கு இதுவரை வந்தவற்றில் இந்தப் பெயர் முறைதான் குறைவற்றது என்று நினைக்கிறேன். ஃபாவிபிராவிர் என்ற மருந்துக்கு அடங்காத மாற்றுருவின் பெயரும் இதே வார்ப்பில் அமைந்தது: கே291ஆர். சி483ஒய் கொண்ட வைரஸைக் கொசுக்களிலும் எலிகளிலும் விட்டுப் பார்த்தார்கள். சரியாகப் படியெடுத்த அந்த வைரஸ், பிழைபட எழுதும் பழைய வைரஸைவிட இரண்டிலும் மெலிந்தே இருந்தது.